பொறுமைக் கட்சியின் கோவேறு கழுதை

உள்துறை அமைச்சகத்திலிருந்து கடிதம் வந்த அன்று கட்சி அலுவலகத்தில் மூன்று பேருக்கு ரத்தம் வந்தது. எங்கள் கணக்கில் அது அமைதியான நாள்தான்.

என் பெயர் துரியா. பொறுமையும் விழிப்பும் கட்சியின் தலைமையகத்தில் தட்டச்சு, தேநீர், மினிட் நோட்டு மூன்றையும் பார்த்துக்கொள்வது நான். தலைமையகம் தலைநகர் ரபாத்தில் இருக்க வேண்டியது. தலைவர் ஹாஜி துஹாமிக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் போக முடியாது. ஆகவே அது சீதி பூலாமில், அவர் வீட்டுக்குக் கீழே இருந்தது. மூன்று தேர்தல்களில் நின்றிருக்கிறோம். மூன்றிலும் எங்கள் சின்னம் முக்காலி. கடைசித் தேர்தலில் அச்சு கலங்கி, அது செத்துக்கிடக்கும் பல்லி மாதிரி விழுந்துவிட்டது. குழப்பம் தராத வேறு சின்னத்தைப் பத்து நாளுக்குள் படத்தோடு அனுப்ப வேண்டும், அனுப்பிய பிறகு மாற்ற முடியாது என்று கடிதம் சொன்னது.

தலைவர் கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். முழங்கால் வலி இருந்தாலும் பேச்சுக்கு மட்டும் நின்றுவிடுவார்.

“இருபத்தாறு வருஷமா நான் தலைவர். ஒரு தடவகூட நாம ஜெயிக்கல. ஆனா ஒரு தடவகூட நான் மனசு தளரல. தளர்ந்தது யாரு? மக்கள். அவங்களுக்கு முக்காலி புரியல. மிருகம்னா புரியும். பெரிய கட்சிங்க நல்ல மிருகத்த எல்லாம் முன்னாடியே புடிச்சுட்டாங்க. மிச்சத்துல நமக்கு ஒண்ணு வேணும். அது விசுவாசமா இருக்கணும். கேள்வி கேக்கக் கூடாது. தேர்தலுக்குத் தேர்தல் தீனி போட்டாப் போதும்னு இருக்கணும். சுருக்கமாச் சொன்னா, நல்ல கட்சி உறுப்பினர் மாதிரி.”

தலைவரின் மகன் அனஸ் எழுந்தான். அவன் இளைஞர் அணித் தலைவன். வயது நாற்பத்தேழு. வல்லூறுதான் வேண்டும் என்றான். துணைத் தலைவர் மஹ்ஜூப் உட்கார்ந்தபடியே சிரித்தார். அவர் ஆட்டு வியாபாரி. கை ஒவ்வொன்றும் தொடை பருமன். அவருக்குக் கிடாதான் வேண்டும்.

“வல்லூறா தம்பி? உக்காந்த எடத்துல அடுத்தவன் ஊட்டி விடுறதத் திங்கற பறவ. உனக்குப் பொருத்தமாத்தான் இருக்கும். அப்பன் வீட்டுச் சோறுதான நீயும்.”

“கிடா மட்டும் என்ன, அண்ணே? பெருநாளைக்கு வித்து நீங்க நாலு காசு பாக்கலாம்னுதான.”

மஹ்ஜூப் தேநீர்த் தட்டைத் தூக்கி வீசினார். தட்டு ஜன்னலை உடைத்துக்கொண்டு போனது. தட்டில் இருந்த கண்ணாடிக் குவளை ஒன்று மட்டும் அனஸின் காதைக் கிழித்தது. தேநீருக்குச் சர்க்கரைக் கூம்பு உடைக்கும் சுத்தியல் என் மேசைமேல் இருந்தது. அனஸ் அதை எடுத்து எறிந்தான். அது மஹ்ஜூபின் புருவத்தை உரசிப் போய், அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்தவனின் நெற்றியில் பட்டது.

அவன்தான் ஜீலாலி. ஊருக்கெல்லாம் கேஸ் சிலிண்டர் போடுகிறவன். தோளில் எங்கள் சிலிண்டர் இருந்தது. நெற்றியில் ரத்தம் வழிய, முதலில் சிலிண்டரை மெதுவாகத் தரையில் இறக்கினான். பிறகுதான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“அக்கா, தப்பான நேரத்துல வந்துட்டனா?” என்று என்னிடம் கேட்டான்.

இங்கே சரியான நேரம் எது என்று எனக்கும் தெரியாது. துணி எடுத்து அவன் தலையைக் கட்டினேன்.

தலைவர் உடைந்த ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தில் ஜீலாலியின் வண்டியும், அதில் பூட்டிய சாம்பல் நிறக் கோவேறு கழுதையும் நின்றிருந்தன. தட்டும் கண்ணாடித் துண்டுகளும் அதன் முதுகில் விழுந்திருந்தன. அது அசையவில்லை. முதுகில் கண்ணாடியோடு வாயில் இருந்ததை மென்றுகொண்டிருந்தது.

“அது யாரு?” என்றார் தலைவர்.

“என் ஷஹ்பாங்க, ஹாஜி.”

“கட்சியில இருக்கா?”

“இல்லீங்க. கேஸ் வண்டியில இருக்கா.”

தலைவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். “எழுதிக்கம்மா. மூணு மிருகம் பரிசீலனையில இருக்கு. வல்லூறு, கிடா, கோவேறு கழுதை. மூணையும் நேர்ல வரவழைச்சு, ஜனநாயக முறைப்படி பாத்துத் தேர்ந்தெடுக்கறோம்.”

ஜீலாலிக்கு ஒன்றும் புரியவில்லை. பரிசீலனை முடியும்வரை வண்டியோடு தினம் சந்தில் வந்து நிற்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். கட்சி என்றால் அரசாங்கத்தின் ஒரு கிளை என்று நினைத்திருந்தான் போலிருக்கிறது. வந்து நின்றான். அந்த வாரம் சீதி பூலாமில் பாதிப் பேர் விறகில் சமைத்தார்கள்.

திங்கட்கிழமை வல்லூறு வந்தது. அருவிக்குப் போகும் சாலையில் வெளிநாட்டுக்காரர்களின் தோளில் பறவையை உட்கார வைத்துப் படம் எடுக்கவிடுகிற ஆளிடம் அனஸ் அதை வாடகைக்குப் பேசி, அவனையும் கூட்டி வந்திருந்தான். அதன் கண்ணைத் தோல் தொப்பி மூடியிருந்தது. படத்துக்குத் தன் தோளில்தான் உட்கார வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். வேண்டாம், அது காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை என்று பறவைக்காரன் இரண்டு முறை சொன்னான். கட்சி விஷயத்தில் வெளியார் தலையிட வேண்டாம் என்று சொல்லி அனஸ் அந்தத் தொப்பியை உருவினான்.

வல்லூறு முதலில் பார்த்தது தலைவரின் சிவப்புக் குல்லாயைத்தான். அது என்னவென்று நினைத்ததோ, ஒரே தாவலில் அதன்மேல் ஏறி நகங்களை இறக்கியது. நகங்கள் குல்லாயோடு நிற்கவில்லை. தலைவர் கத்தினார். ரத்தம் இரண்டு காதோரமும் வழிந்தது. மஹ்ஜூப் மூலையில் இருந்த கட்சிக் கொடியைக் கம்போடு பிடுங்கி ஓங்கினார். முதல் அடி தலைவருக்கு, இரண்டாவது பறவைக்கு. முதல் அடி கைதவறி விழுந்தது என்று மஹ்ஜூப் இன்றுவரை சொல்கிறார். பறவை மேசைமேல் விழுந்து, சிறகை ஒரு தடவை விரித்து, அப்படியே கிடந்தது. பறவைக்காரன் மஹ்ஜூபின் சட்டையைப் பிடித்தான். இளைஞர் அணியினர் பறவைக்காரனைப் பிடித்தார்கள். அவனைப் படியில் உருட்டிவிட்டுத்தான் விட்டார்கள்.

“உடல்நலக் காரணங்களால் வல்லூறு போட்டியிலிருந்து விலகிக்கொண்டது” என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

வியாழக்கிழமை மஹ்ஜூப் கிடாவைக் கொண்டுவந்தார். மலை அடிவாரத்துச் சாதி. முறுக்கிய கொம்பு. வெள்ளைக் கம்பளி. கண்ணைச் சுற்றிக் கறுப்பு. என் கோப்பு அலமாரியின் கண்ணாடியில் தன்னைப் பார்த்ததும், எதிராளி வந்துவிட்டான் என்று பின்வாங்கி ஓடிவந்து இடித்தது. கண்ணாடி போனது. கோப்புகள் சரிந்தன. அதோடு விடாமல், கோப்பு பொறுக்கக் குனிந்த பொருளாளரையும் இடித்தது. அவருக்குக் கணுக்கால் முறிந்தது.

“பாத்தீங்களா வேகத்த,” என்றார் மஹ்ஜூப். “யாரு எவருன்னு பாக்காம முட்டுது. இதுதான் கொள்கைப் பிடிப்பு.”

முடிவு வெள்ளிக்கிழமை மத்தியானம் என்று ஒத்திவைத்தார்கள். கிடாவைப் பின்கட்டில் கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை என்றால் அலுவலகத்தில் குஸ்குஸ் உண்டு, ஆவியில் வெந்த ரவைமேல் கறியும் கொண்டைக்கடலையும். வழக்கமாக நான்தான் ஆக்குவேன். அன்று காலை இளைஞர் அணியினர் வந்து, இன்று நாங்கள் ஆக்குகிறோம், நீங்கள் உட்காருங்கள் அக்கா என்றார்கள். கறி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. மினிட் எழுதுகிறவள் எல்லாவற்றையும் கேட்டால் நோட்டு தாங்காது.

மஹ்ஜூப் தொழுகை முடிந்து நேராகச் சாப்பாட்டுக்கு வந்தார். பெரிய மண் தாலத்தைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஜீலாலியையும் கூப்பிட்டார்கள். மஹ்ஜூப் நல்ல பசியில் இருந்தார். விலாப் பக்கத்துத் துண்டாகப் பார்த்து எடுத்து, எலும்பை உறிஞ்சி வைத்தார்.

“ஆஹா. என்னமா வெந்திருக்கு. யாரு கடைக் கறி?”

“உங்க வேட்பாளர்தாண்ணே,” என்றான் அனஸ்.

மஹ்ஜூப் வாயில் இருந்ததை மென்றார். விழுங்கினார். பிறகு தாலத்தை இரண்டு கையாலும் தூக்கி அனஸின் முகத்தில் அடித்தார். தாலம் இரண்டாக உடைந்தது. அனஸின் முன்பற்கள் இரண்டு கொண்டைக்கடலையோடு பாயில் கிடந்தன. மஹ்ஜூபின் ஆட்கள் நாலு பேர் வாசலில் காத்திருந்தவர்கள்தான். உள்ளே வந்தார்கள். இளைஞர் அணியிடம் கிடா வெட்டிய கத்தி இன்னும் இருந்தது. நான் மேசைக்கு அடியில் போய்விட்டேன். கால்களைத்தான் பார்த்தேன். ஒரு காலில் செருப்பு இல்லை, அதன் பெருவிரலில் இருந்து ரத்தம் சொட்டியது. அது கடைசிவரை யாருடைய கால் என்று தெரியவில்லை.

அடிபட்டவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது ஜீலாலி. சிலிண்டர்களை இறக்கி வைத்துவிட்டு, ஒரு நடைக்கு மூன்று பேராக ஷஹ்பா வண்டி மூன்று நடை போனது. போகும்போது வண்டியிலேயே இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டன. வண்டி ஆடியது. ஷஹ்பா திரும்பிப் பார்க்கவில்லை.

ஆக, பரிசீலனையில் உயிரோடு இருந்தது ஷஹ்பா ஒன்றுதான். கழுத்துவரை கட்டுப்போட்டிருந்த தலைவர் சந்துக்கு இறங்கி வந்து ஜீலாலியிடம் விஷயத்தைச் சொன்னார்.

“வேணாங்க ஹாஜி. அவளுக்கு வேல இருக்கு.”

“கட்சிக்கு அவ முகம் மட்டும் போதும்ப்பா.”

“முகத்தக் குடுத்துட்டா ஒடம்பு எங்க போகும்? அதுவும் பின்னாலயே வந்துரும்ல.”

“நாடு முழுக்க வாக்குச்சீட்டுல அவ படம் இருக்கும். உனக்குப் பெருமையா இல்லையா?”

ஜீலாலி என்னைப் பார்த்தான். “அக்கா, நெசமாவே கேக்கறேன். அவ பெரிய எடத்துக்குப் போய்ட்டா சிலிண்டர யாரு இழுப்பா?”

“ஒண்ணும் ஆகாது, ஜீலாலி. ஒரு படந்தான்,” என்றேன்.

சொன்னது நான். என் கைபேசியில் படம் எடுத்ததும் நான். இடது காதில் பழைய கிழிசல் தெரியாமல் ஒரு பக்கமாக நின்று எடுத்தேன். தெரிந்தால் இருக்கட்டும், அதுதான் அடையாளம் என்று ஜீலாலி சொன்னான். மறுபடி எடுத்தேன். அன்றே அமைச்சகத்துக்கு அனுப்பினேன்.

கட்சி விதிப்படி மாநாடு கூட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் அறுபது பிரதிநிதிகள் கூடினார்கள். ஜீலாலி தன் ஒரே நல்ல ஜெல்லாபா அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தான். ஷஹ்பாவைக் குளிப்பாட்டி, குளம்புக்கு எண்ணெய் தடவியிருந்தான். மணமக்கள் உட்காரும் மேடைக்குப் பலகை போட்டு அவளை ஏற்றினார்கள்.

தலைவர் பேசினார். “இதப் பாருங்க. இது குதிரையும் இல்ல, கழுதையும் இல்ல. நம்ம கட்சியும் அப்படித்தான், ரெண்டு பக்கமும் இல்ல. பாரம் ஏத்தினா சுமக்கும். எங்க போறோம்னு கேக்காது. ஒரே ஒரு குறை, இதுக்கு வாரிசு கிடையாது. அந்தக் குறை கட்சிக்கு வராம நான் பாத்துக்கறேன்.” பல் இல்லாத அனஸ் வாயை மூடிக்கொண்டு தலையசைத்தான்.

மஹ்ஜூப் எழுந்தார். “ஒரு சந்தேகம் தலைவரே. உறுப்பினர் இல்லாத ஒருத்தர் மாநாட்டு மேடையில நிக்கலாமா?”

தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நிற்க முடியாது என்று இருந்தது. ஆகவே அங்கேயே உறுப்பினர் அட்டை போடச் சொன்னார். எண் முந்நூற்றுப் பன்னிரண்டு. வயது கேட்டேன். ஒன்பது என்றான் ஜீலாலி. அப்படியானால் இளைஞர் அணி என்று எழுதினேன்.

“நல்லது,” என்றார் மஹ்ஜூப். “இப்ப உறுப்பினர் ஆயாச்சு. இனி நீக்கலாம். மேடைக் கம்பளத்தக் கடிச்சது ஒழுங்கு மீறல். நீக்கற தீர்மானம் கொண்டு வர்றேன்.”

ஷஹ்பா உண்மையிலேயே கம்பளத்தின் ஓரத்தைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். கை தூக்கச் சொன்னார்கள். முப்பதுக்கு முப்பது வந்தது. தலைவர் ஷஹ்பாவின் பக்கம் திரும்பினார். உறுப்பினர் எண் முந்நூற்றுப் பன்னிரண்டுக்கும் ஓட்டு உண்டு, காது தூக்கியிருக்கிறது, அது எதிர்ப்பு ஓட்டு என்று அறிவித்தார். தீர்மானம் தோற்றது.

மண்டபத்தின் இரும்புக் கதவைத் தூக்கிவிடும் கம்பி சுவரில் சாய்ந்திருந்தது. மஹ்ஜூப் அதை எடுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தார். ஓடவில்லை. கோபமாகக்கூடத் தெரியவில்லை. கிடாவுக்குத் தீனி வைக்கப் போகிறவர் மாதிரிதான் போனார்.

முதல் அடி ஷஹ்பாவின் நெற்றியில் விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுதப் பார்த்து விட்டுவிட்டேன். ஜீலாலி குறுக்கே பாய்ந்து கையை நீட்டினான். அடுத்த அடி அவன் கையில். முழங்கைக்குக் கீழே எலும்பு மடிந்து தொங்கியது. அவன் தன் கையைப் பார்க்கவே இல்லை. மற்றக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். மஹ்ஜூப் அவனை உதறித் தள்ளிவிட்டு ஷஹ்பாவின் முன்னங்காலில் அடித்தார். அவள் முட்டிபோட்டாள். பலகைமேல் குளம்பு வழுக்கிக்கொண்டே இருந்தது. எழுந்திருக்க மூன்று முறை முயன்றாள். நான்கு பேர் சேர்ந்து பிடித்துக்கொள்ள, மஹ்ஜூப் வேலையை முடித்தார். அவள் கத்தவில்லை. சந்தில் கத்தியிருக்கிறாள், நான் கேட்டிருக்கிறேன். அன்று மூச்சு மட்டும் பெரிதாக வந்தது. பிறகு அதுவும் இல்லை.

கீழே பிரதிநிதிகள் நாற்காலிகளால் அடித்துக்கொண்டிருந்தார்கள். முப்பதுக்கு முப்பது என்பதால் சரிசமமாக நடந்தது. ஜீலாலி தவழ்ந்துபோய் மஹ்ஜூபின் மணிக்கட்டைக் கடித்தான். சதை பிய்ந்து வந்தது. அவனை மேடையிலிருந்து இழுத்துக் கீழே போட்டு, அவன் அசையாமல் கிடக்கும்வரை மிதித்தார்கள்.

போலீஸ் வந்து ஜீலாலியைக் கைது செய்தது. பொது மண்டபத்துக்குள் மிருகத்தைக் கொண்டுவந்தது, துணைத் தலைவரைக் கடித்தது என்று இரண்டு குற்றம். இரண்டு மாதம் உள்ளே போனான்.

அடுத்த வாரம் அமைச்சகத்திலிருந்து பதில் வந்தது. சின்னம் ஏற்றுக்கொள்ளப்பட்டது, இனி மாற்ற முடியாது. தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். அதுவரை ‘அது’ என்றும் ‘அவ’ என்றும் சொல்லிக்கொண்டிருந்தவர் அன்று ‘அவங்க’ என்றார்.

“அவங்க நம்மள விட்டுப் போனது பேரிழப்பு. ஆனா யோசிச்சுப் பாருங்க. இனிமே அவங்களால வேற கட்சிக்குத் தாவ முடியாது. இப்படி ஒரு உறுப்பினர் நமக்கு இருபத்தாறு வருஷத்துல கிடைச்சதில்ல.”

வேட்பாளர் பட்டியலில் இரண்டாவது இடம் தருவதாகச் சொன்னதும் மஹ்ஜூபும் சமாதானமானார். “நான் எதிரியா அடிக்கல. சிலை செதுக்கறவன் கல்ல அடிக்காம செதுக்க முடியுமா? அவங்கள தியாகி ஆக்கினது யாருன்னு வரலாறு சொல்லும்,” என்று மணிக்கட்டுக் கட்டைத் தடவிக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. அன்று மட்டும் யாருக்கும் அடி விழவில்லை.

ஜீலாலிக்கு ஊரில் சொந்தம் யாரும் இல்லை. வாரம் ஒரு தடவை நான் கூடையில் ரொட்டி, அவித்த முட்டை, மத்தி மீன், சர்க்கரை எடுத்துக்கொண்டு சிறைக்குப் போனேன். கை கோணலாகச் சேர்ந்துவிட்டது. விரல் மடங்கவில்லை.

“அவள எங்க பொதைச்சாங்க அக்கா?”

“பொதைக்கல. நகராட்சி வண்டி வந்துச்சு. குப்பைக் கிடங்குல போட்டாங்க.”

அவன் ரொட்டியைப் பிய்த்தான். ஆனால் சாப்பிடவில்லை. “இங்க சுவத்துல அவ படம் ஒட்டியிருக்கு. காதுக் கிழிசல் நல்லா தெரியுது. நேத்து ஒருத்தன் வந்து எங்கிட்டயே சொல்றான், இது ஏதோ கதையில வர்ற கழுதையாம், எங்கயோ நாட்டுக்காகச் செத்துச்சாம்.”

“நீ என்ன சொன்ன?”

“என் கழுதன்னேன். சிரிச்சான்.”

படம் எடுத்தது நான்தான் என்று அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

பிரச்சாரத்தின் கடைசி வாரம் அவன் வெளியே வந்தான். தள்ளுவண்டி ஒன்றை இரவல் வாங்கி, ஒரு கையால் தள்ளி, நாளைக்கு நாலு சிலிண்டர் போட்டான். ஊரில் எங்கு பார்த்தாலும் ஷஹ்பா. சுவர், பேருந்து, தேநீர்க் கடைக் கதவு. மக்களுக்கு அந்த முகம் பிடித்துப்போயிருந்தது. இந்தத் தடவை ஓர் இடம் நிச்சயம் என்று பேசிக்கொண்டார்கள். சந்தைத் திடலில் கடைசிப் பொதுக்கூட்டம். அதில் ஜீலாலி பேச வேண்டும் என்று தலைவருக்கு ஆசை. அவரே அவன் வீட்டுக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு.

“மேடையில யாரெல்லாம் இருப்பாங்க?” என்று கேட்டான் ஜீலாலி.

“எல்லாரும்ப்பா. நான், அனஸ், மஹ்ஜூப். உனக்குப் பக்கத்து நாற்காலியே மஹ்ஜூபுக்குத்தான். ஒத்துமைய மக்கள் பாக்கணும்ல.”

“அப்ப வர்றேன்.”

வெளியே வந்ததும் தலைவர் என்னிடம் சொன்னார், “பாத்தியா. மன்னிக்கத் தெரிஞ்ச மனுசன். இவன மாதிரி ஆளுங்களாலதான் கட்சி நிக்குது.”

திடலில் மூவாயிரம் பேர் இருப்பார்கள். எங்கள் பொதுக்கூட்டத்துக்கு அதற்கு முன் முப்பது பேருக்குமேல் நான் பார்த்ததில்லை. ஜீலாலி வேலை செய்கிற நீலச் சட்டையோடு வந்திருந்தான். மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு முறை தட்டிப் பார்த்தான்.

“என் பேரு ஜீலாலி. கேஸ் போடறவன். இந்தப் படத்துல இருக்கறது என் கழுத, ஷஹ்பா. ஒம்பது வருஷம் என்கூட இருந்தா. அவள இவரு கொன்னாரு.” பக்கத்து நாற்காலியைக் காட்டினான். “கல்யாண மண்டபத்துல, கதவுக் கம்பியால. நாலு பேரு புடிச்சுக்கிட்டாங்க.”

பின்வரிசையில் யாரோ, “கம்பியால அடிச்சு நம்மளையுந்தான் கொல்றாங்க,” என்று கத்தினார். திடல் முழுக்கக் கைதட்டல் எழுந்தது. அரசாங்கத்தைத்தான் சொல்கிறான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

“இல்லீங்க. இவரு. இவரு பேரு மஹ்ஜூப்,” என்றான் ஜீலாலி. “தலையில அடிச்சாரு. கால ஒடச்சாரு. ஹாஜி பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு.”

கைதட்டல் இன்னும் பலமானது. ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மஹ்ஜூபும் கைதட்டினார். கைக்குட்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். உண்மையாகவே ஈரம் இருந்தது, நான் பார்த்தேன்.

தலைவர் எட்டி ஜீலாலியின் முதுகைத் தட்டினார். “ரொம்ப நல்லா இருக்கு. கொஞ்சம் சத்தமா.”

ஜீலாலி மைக்கைக் கீழே வைத்தான். சட்டைக்குள்ளிருந்து சிலிண்டர் திருகும் பெரிய ஸ்பேனரை எடுத்தான். அதை நல்ல கையில் பிடித்து, மஹ்ஜூபின் முழங்காலில் அடித்தான். மஹ்ஜூப் நாற்காலியோடு சாய்ந்தார். கூட்டத்துக்கு இதுவும் பிடித்தது. நாடகம் என்று நினைத்து விசிலடித்தார்கள். அடுத்தது தாடையில் விழுந்தது. அப்போது மஹ்ஜூபின் வாயிலிருந்து வந்த சத்தத்தை, கீழே கிடந்த மைக் திடல் முழுக்கக் கொண்டுபோனது. விசில் நின்றது. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து பின்னால் நகர்ந்தார்கள். தலைவர் முழங்கால் வலியை மறந்து மேடையிலிருந்து குதித்தார். அனஸ் அவருக்கு முன்னாலேயே குதித்திருந்தான்.

அதற்குமேல் ஜீலாலி அடிக்கவில்லை. ஸ்பேனரை நாற்காலிமேல் வைத்துவிட்டு, மேடை ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டான்.

காவல் நிலையத்தில் சாட்சியாக என்னையும் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் வயதானவர். நிதானமாக எழுதினார்.

“மூவாயிரம் பேரு பாக்க ஒரு மனுசனப் போட்டு அடிச்சிருக்க. உனக்குக் குறை இருந்தா வாயால சொல்லக் கூடாதா?”

“சொன்னேங்க ஐயா,” என்றான் ஜீலாலி. “கைதட்டினாங்க.”